ஐந்து நிமிடத்தில் அணையும் விளக்கு

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டைப் பாராட்டி ஒரு செய்தி வந்தது. மின் கட்டணம் பார்க்கிற செயலியில் ஒரு பச்சை இலைப் படம். அதன் கீழே, "உங்களைப் போன்ற வீடுகளைவிட நீங்கள் பாதிக்கும் குறைவான மின்சாரமே பயன்படுத்துகிறீர்கள். மிக நன்று. இப்படியே தொடருங்கள்" என்று போட்டிருந்தது.

பல் தேய்த்துக்கொண்டே படித்தேன். இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். என் வீட்டைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை. அதையும் ஒரு மெஷின்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில், சிராங்கூன் பகுதியில் பதினொன்றாவது மாடி. மூன்று பேர் இருக்கலாம் என்று வாங்கிய வீடு. என் மனைவி சுமதி, அவளுடைய அப்பா கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று திருச்சிக்குப் போனாள். மூன்று வருஷம் ஆகிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. மாமனார் நடக்க ஆரம்பித்துவிட்டார், அவள்தான் இன்னும் கிளம்பவில்லை. மகள் நிலா மெல்பர்னில் படிக்கிறாள். வாரம் ஒரு தடவை வீடியோவில் வருவாள். பேச ஆரம்பிக்கும்போது தமிழ், மூன்றாவது வாக்கியத்தில் இங்கிலீஷ், வைத்த பிறகு செய்தியில் வெறும் பொம்மை முகங்கள்.

"ஆர் யூ லோன்லி, பா?" என்று ஒரு நாள் கேட்டாள். அதற்குத் தமிழில் என்ன பதில் சொல்வது? "தனியா இருக்கேன்" என்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை என்றுதான் அர்த்தமாகும். "சாப்பிட்டேம்மா" என்று சொல்லி வைத்தேன்.

சுமதியின் நிரந்தரவாச அனுமதியைப் புதுப்பிக்கப் போன வருஷம் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினேன். "வெளிநாட்டில் தங்கியிருப்பதற்கான காரணம்" என்று ஒரு சின்னக் கட்டம். முதலில் "தந்தையின் உடல்நிலை" என்று எழுதினேன். அது உண்மையாக இருந்த காலம் போய்விட்டது. அழித்தேன். "வேலை" என்று எழுதினேன். வேலை அங்கேயென்றால் இங்கே எதற்கு அனுமதி என்று கேட்பார்கள். அதையும் அழித்தேன். கட்டம் காலியாக இருந்தால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கடைசியில் "குடும்பக் காரணங்கள்" என்று போட்டேன். ஒரு குடும்பம் சேர்ந்து இல்லாததற்கும் அதே சொல்தான் போல.

வாயைக் கொப்பளித்துவிட்டு அந்தச் செயலியைத் திட்டினேன். "அட முட்டாளே, ஆள் இல்லாத வீட்டுக்கு என்னடா பாராட்டு?" என்று சத்தமாகவே கேட்டேன். வீட்டில் சத்தமாகப் பேசும் வசதி எனக்கு இப்போது நிறையவே இருக்கிறது.

2

என் தொழிலைச் சொல்லாமல் மேலே போனால் மற்றது உங்களுக்குப் பிடிபடாது. ஊருக்கு வரும்போது யாராவது கேட்டால், "கரண்ட் மிச்சம் பண்ற வேலை" என்பேன். "அப்ப ரூம் ரூமாப் போயி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வருவீங்களா மாமா?" என்று என் மச்சான் ஒருத்தன் நக்கலடித்தான். ஏறக்குறைய அதுதான், கொஞ்சம் சம்பளம் கூட.

முறையான பெயர் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் கான்ட்ராக்ட். ஒரு பொதுக் கட்டடம் இருக்கிறது என்று வையுங்கள். விளக்கு பழசு, ஏசி மெஷின் பழசு, கரண்ட் தண்ணீராய் ஓடுகிறது. மாற்றுவதற்கு ஒரே மூச்சில் செலவு செய்ய அவர்களால் முடியாது. எங்களை மாதிரி ஒரு கம்பெனி போய், "எல்லாவற்றையும் எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம். கரண்ட் இவ்வளவு குறையும் என்று எழுதியும் தருகிறோம். மிச்சமாவதில் எங்களுக்கு இத்தனை வருஷம் ஒரு பங்கு. சொன்ன அளவு மிச்சமாகாவிட்டால் விழுகிற துண்டை நாங்களே கட்டுகிறோம்" என்று கையெழுத்துப் போடும். இரண்டு பேருக்கும் லாபம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

மிச்சமாகியிருக்கிறதா என்று அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. இல்லாமல்போன ஒன்றை அளக்கிற வேலை, கேட்கவே வேடிக்கையாக இருக்கும். இந்த வேலையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருகிற விதி ஒன்று உண்டு. ஆள் குறைந்ததால் குறைந்த கரண்ட்டைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது. ஒரு மாடியைப் பூட்டிவிட்டால் கரண்ட் தானாகக் குறையும். அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் பழைய கணக்கைத் திருத்திவிட்டுத்தான் புதிய கணக்கைப் போட வேண்டும்.

சிங்கப்பூர் வருவதற்கு முன்னால் திருச்சியில் ஒரு கன்சல்டன்ட்டிடம் இருந்தேன். ஓர் அரசாங்க அலுவலகத்தில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்த்து வரச் சொன்னார். பகல் பதினொரு மணி. அதிகாரி அறையில் இரண்டு டியூப் லைட் எரிகிறது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு தொங்குகிறது. அதிகாரியைக் காணோம். நான் சுவிட்சை அணைத்தேன். எங்கிருந்தோ பியூன் ஓடி வந்தார்.

"சார் சார், அத நிறுத்தாதீங்க. ஃபேன் ஓடுனாத்தான் ஐயா ஆபீஸ்ல இருக்காருன்னு அர்த்தம். நிறுத்திட்டா லீவுன்னு நெனச்சு ஜனம் மேல மனு எழுதிப் போட்டுரும்."

அந்தக் கட்டடம் முழுக்க, இல்லாத ஆட்களுக்காக ஃபேன்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே வந்து நான் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பிடோக் விஷயத்துக்குப் பிறகு சொல்வதில்லை.

3

ஊரின் கிழக்கே பிடோக்கில் எங்கள் கம்பெனி எடுத்திருக்கிற பொதுக் கட்டடம் ஒன்று. கீழ்த்தளத்தில் வயதானவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஓர் அறை. கண்ணாடிக் கதவு. அதற்கு நேர் எதிரே, நடைவழியின் மறுபக்கம், மீட்டர் பெட்டி இருக்கிறது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நான் போய் ரீடிங் எடுப்பேன்.

அந்த அறைக்கும் சென்சார் போட்டோம். உள்ளே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். ஐந்து நிமிடம் அசைவு இல்லையென்றால் விளக்கு அணைந்துவிடும், ஏசியும் அடங்கிவிடும். சீலிங்கின் நடுவில் குழாய் போவதால் சென்சாரைக் கதவுக்கு மேலே உள்பக்கமாகப் பொருத்தினார்கள். ஐந்து நிமிடம் என்று முடிவு செய்தது நான். பதினைந்து வைத்திருக்கலாம். ஐந்தில் மிச்சம் அதிகம்.

வேலை முடிந்த இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, ரீடிங் எடுத்துவிட்டுத் திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உயரமான பெரியவர் ஒருவர், வெள்ளைச் சட்டை, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை, சுவர்தான் இருந்தது. எனக்குத்தான் கை காட்டுகிறார் என்று புரிந்தது. அளக்கக் கையில் வைத்திருந்த சின்ன மீட்டரைக் கீழே வைத்துவிட்டு நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் ஒரு கணம் நின்றார், பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மாதமும் அதே மாதிரி. அதற்கடுத்த மாதமும்.

சொன்னால் சிரிப்பீர்கள். லிஃப்டில் பதினைந்து வருஷமாக என்னோடு ஏறி இறங்குகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலுவலகத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் ஏதாவது ஃபைலைத் தேடி வருவார்கள். என்னிடம் ஒன்றும் கேட்காமல், சும்மா என்னைப் பார்த்ததற்காகவே கையைத் தூக்கிய ஒரே ஆள் அவர்தான். முதல் செவ்வாய் வந்தால் நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். மற்ற நாட்களில் அந்தப் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. ஒரு தடவை உற்சாகத்தில் கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினேன்.

சுமதியிடம் போனில் சொன்னேன். "பிடோக்ல எனக்கு ஒரு சிநேகிதர் இருக்காரு. என்னைப் பாத்தாலே கை காட்டுவாரு."

"யாரு அவரு?"

"ஒரு பெரியவரு."

"பேரு?"

"தெரியல."

"பேரே தெரியாத சிநேகிதரா? நல்லாத்தான் இருக்கு" என்றாள். டீச்சர் அல்லவா, மார்க் போடாமல் விட மாட்டாள். நிலாவிடமும் சொன்னேன். "ஸோ ஸ்வீட், பா" என்றாள். பிறகு அவளுடைய சிநேகிதி வந்துவிட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது அறை இருட்டாக இருந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் இருட்டு. உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி வராமல் போகலாம்? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த மாதங்களில் அந்த அறையின் கரண்ட் கிடுகிடுவென்று இறங்கியது. கட்டடத்திலேயே அதிகம் மிச்சப்படுத்திய இடம் என்று அறிக்கையில் எழுதினேன். அலுவலகக் கூட்டத்தில் அந்தக் கோட்டுப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

4

போன செவ்வாய்க்கு வருகிறேன். செயலியைத் திட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பிடோக் போய்ச் சேருவதற்குள் போன மாத அறிக்கையை ஒரு தடவை புரட்டலாமென்று லேப்டாப்பைத் திறந்தேன். நான் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது: "வாசிப்பு அறையின் செயல்பாடு மிக நன்று. இதே நிலை தொடரப் பரிந்துரைக்கிறோம்."

காலையில் அந்த மெஷின் எனக்கு எழுதியதை அப்படியே நான் அந்த அறைக்கு எழுதியிருக்கிறேன். என் வீட்டுக் கரண்ட் கணக்கைப் பார்த்து, ஆள் இல்லை என்று ஒரு நொடியில் தெரிந்துகொண்டவனுக்கு, தொழிலே இதுவாக இருக்கிறவனுக்கு, ஐந்து மாதமாக ஓர் இருட்டு அறையைப் பார்த்தும் உறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற விதி.

கட்டட மேலாளர் மிஸ் லிம் நடைவழியிலேயே பிடித்துக்கொண்டார். நல்ல மாதிரி, சுறுசுறுப்பான பெண். "உங்கள் அறிக்கை ரொம்ப உதவியாக இருந்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். "அந்த அறையை யாருமே பயன்படுத்துவதில்லை என்று சென்சார் பதிவிலேயே தெரிகிறது. மாதக் கடைசியில் நாற்காலிகளை எடுத்துவிட்டு டியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விடப் போகிறோம்."

நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்த பார்வதி அக்காவிடம் போனேன். அறுபது தாண்டியவர், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று காவலாளி சொல்வார்.

"அக்கா, இந்த ரூம்ல பெரியவங்க பேப்பர் படிப்பாங்களே, இப்ப யாரும் வர்றதில்லையா?"

"எங்க தம்பி வருவாங்க? கோவிந்தசாமி அண்ணன் நின்னுட்டாரு. அவருதான் பேப்பரச் சத்தமா படிப்பாரு. மத்த அஞ்சு பேருக்கும் கண்ணு சரியில்ல. படிக்கிற ஆளு இல்லன்னா கேக்குற ஆளு எதுக்கு வரணும்?"

"யாரு, உயரமா, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு?"

"அவருதான். பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு."

"எனக்கு அவரத் தெரியும்க்கா. என்னைப் பாத்தா கை காட்டுவாரு."

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கா கை காட்டுனாரு? லைட்டுக்குக் காட்டுனாரு லா."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். படிக்கிறவர் அசையாமல் படிப்பார், கேட்கிறவர்கள் அசையாமல் கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் பொட்டென்று இருட்டு. முதலில் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டிப் பார்த்தார்கள், அது சென்சாருக்கு எட்டவில்லை, பிறகு தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். முறைக்காரர் விளக்கு அணைவதற்குள் கதவுக்கு நேரே வந்து நின்று, மேலே இருக்கிற வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்ட வேண்டும். ஒருவருக்குத் தோளைத் தூக்க முடியாது, ஒருவருக்கு எழுந்தால் மூட்டு வலி. அவர்கள் முறையையும் கோவிந்தசாமியே ஏற்றுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை என்றைக்குமே அவர் முறைதான்.

"பாவம், ரெண்டு பாரா படிப்பாரு, எந்திரிச்சு வந்து கைய ஆட்டுவாரு, மறுபடி போயி ரெண்டு பாரா. அதையும் பொறுத்துக்கிட்டாரு தம்பி. அந்த லைட்டு கம்பெனி ஆளு ஒருத்தன் வருவானாம். கண்ணாடிக்கு வெளிய நின்னுக்கிட்டு அவரு மாதிரியே கைய ஆட்டிக் கிண்டல் பண்ணுவானாம். ஒரு நாளு கட்டை வெரல வேற காட்டுனானாம். எழுவத்தாறு வயசுல இந்த அசிங்கம் எனக்குத் தேவையா பார்வதின்னு கேட்டாரு. அதோட நின்னுட்டாரு."

சொல்லிக்கொண்டே வந்தவர், என் கையில் இருந்த மீட்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு மீட்டர் பெட்டிக்கு முன்னால், ஒரு மாப் வாளிக்குப் பக்கத்தில். என்னுடைய ஒரே சிநேகிதரை நானே விரட்டியிருக்கிறேன், அவர் எனக்குச் சிநேகிதராக இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

5

அன்றைக்கே அறிக்கையைத் திருத்தினேன். அந்த அறையில் கடந்த ஐந்து மாதக் குறைவு சேமிப்பு அல்ல, எங்கள் அமைப்பு சரியில்லாததால் ஆட்கள் வராமல் போனதன் விளைவு, ஆகவே கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது என்று எழுதினேன். எழுதுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. "மாற்றத்திற்குப் பொறுப்பு" என்ற இடத்தில் கட்டடமா, கம்பெனியா, இயற்கையா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனி என்று அழுத்தினேன். என் பெயரைப் போட அதில் இடமில்லை.

என் மேலாளர் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, ஆனால் களைத்துப்போன மனிதர். "இதை எடுத்துவிட்டால் இந்த வருஷம் நாம் எழுதிக் கொடுத்த அளவுக்குக் கொஞ்சம் கீழே போகிறோம், தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"யாரும் கேட்கவில்லையே."

"ஆள் இல்லாத அறை சார். நானேதான் ஆளைத் துரத்தினேன்."

பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்த தடவை அறிக்கை எழுதும் முன்னால் கதவைத் தட்டிப் பார் என்று மட்டும் சொன்னார்.

மிஸ் லிம்மிடம் போய், விளக்கு அணையும் நேரத்தை அரை மணியாக மாற்றிவிட்டோம், சென்சாரைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பி கட்டி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அறையை வாடகைக்கு விட வேண்டாம் என்று கேட்டேன். அவர் ஒன்றும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஒரு கமிட்டி இருக்கிறது. "விளக்கு சரியாகிவிட்டது, சந்தோஷம். ஆட்கள் எங்கே?" என்றார். "மாதக் கடைசிக்குள் ஆட்கள் வந்தால் நான் கமிட்டியிடம் பேச முடியும். காலி நாற்காலிகளுக்காகப் பேச முடியாது."

"அவரு வந்தா மத்த அஞ்சு பேரும் வந்துருவாங்க" என்றார் பார்வதி அக்கா. "அவரு வரணுமே. ரோஷக்காரரு. என் புளோக்தான், நாலாவது மாடி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, கூட்டிட்டுப் போறேன். திட்டுனா வாங்கிக்கணும், சரியா?"

ஞாயிறு காலையில் பழம் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். முதல் தடவை ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது. இருபத்தொரு வருஷத்தில் இந்த ஊரில் நான் ஒருவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய் எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மார்க்கெட்டை ஒட்டிய சிராங்கூன் ரோட்டில் வழக்கமான கூட்டம். கிராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த தம்பிகள் கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் என் மேசையில் எதிரே உட்கார்ந்தவர் வீடியோவில் மனைவிக்கு இலையைக் காட்டினார், கடையைக் காட்டினார், போன் சுற்றி வந்ததில் நானும் தெரிந்திருப்பேன். "அது யாருங்க?" என்று போனில் குரல் கேட்டது. "யாரோ" என்றார். தப்பே இல்லை. எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற ஒருவரிடம் ஊர் எது என்றுகூட நான் கேட்கவில்லையே, அவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவதென்று மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். நாலும் ஒப்பிக்கிற மாதிரியே இருந்தது.

6

கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் இறுகிவிட்டது. இரும்புக் கதவைத் திறக்காமல், "என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அண்ணே, தொறங்க. அவரு ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்றார் பார்வதி அக்கா.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, டிவியின் மேல் அவர் மனைவியின் படம், பூ போட்டிருந்தது. மடிப்புக் கலையாத ஐந்தாறு பேப்பர்கள் மேசையில் அடுக்கியிருந்தன. வாங்குவதை நிறுத்தவில்லை, உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று.

"ஐயா, நீங்க எனக்குத்தான் கை காட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"என்னது?"

"அந்த லைட்டுக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க என்னைப் பாத்துக் கை காட்டுறீங்கன்னு நெனச்சுத்தான் நானும் கை காட்டுனேன்."

"உங்களுக்கு நான் எதுக்குக் கை காட்டணும்? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே."

"எனக்கும் உங்களத் தெரியாது. அதனாலதான் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. கிண்டல் இல்லீங்கய்யா. ஒவ்வொரு மாசமும் அந்த ஒரு நாளுக்குச் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரிகிட்ட, பிடோக்ல எனக்கு ஒரு சிநேகிதர் இருக்காருன்னுகூடச் சொல்லி வச்சிருக்கேன்."

பார்வதி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவிந்தசாமி ஐயா பையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டுனேன்" என்றார். "ஸ்டாப்புல நிக்கிறவங்க எல்லாரும் என்னைப் பாத்துக் கை காட்டுவாங்க. நிறுத்துவேன். ஒரு நாளும் எனக்கு வணக்கம் சொல்றாங்கன்னு நான் நெனச்சதில்ல."

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அவர். பிறகு நானும். உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன்.

விளக்கு அணைய இப்போது அரை மணி நேரமாகும், சென்சார் நடுவுக்கு வந்துவிட்டது, யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று சொன்னேன். மாதக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் அறை போய்விடும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரி செய்தார்.

"நாளைக்கு வரேன்" என்றார். "மத்தவங்களுக்கும் போன் போடுறேன். ஒருத்தரு மக வீட்டுக்குப் போயிட்டாரு, அவரு வர மாட்டாரு. மத்தவங்க வருவாங்க."

நான் கிளம்ப எழுந்தேன்.

"ஒண்ணு கேக்கவா தம்பி?"

"கேளுங்க ஐயா."

"அத்தன மாசம் அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னீங்க. நான் உங்களுக்குத்தான் கை காட்டுறேன்னு நெனச்சீங்க. சரி. ஒரு நாளாச்சும் உள்ள வந்து, நீங்க யாருங்கன்னு கேட்டிருக்கலாம்ல? கதவு பூட்டியா இருந்துச்சு?"

உள்ளே போனால் நான் அசைவதும் சென்சாரில் விழும், கணக்கில் ஓர் ஆள் கூடிவிடும், அதனால் அளக்கிறவன் அறைக்குள் போகக் கூடாது என்று ஒரு காரணம் என்னிடம் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பொய்யாகாது. ஆனால் ரீடிங் எடுத்து முடித்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதும், நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

"இல்லீங்கய்யா" என்றேன். "பூட்டல."